கான் கேட்ட வீரையா

மழைநீர் மலைச்சரிவில் நேராக இறங்கினால் மண்ணையும் வாரிக்கொண்டுதான் இறங்கும். அப்படி இறங்காதிருக்கச் சரிவுக்குக் குறுக்கே முழங்கால் ஆழத்தில் நீளமாக ஒரு பள்ளம் வெட்டி, நீரை மெல்ல நடத்தி ஓரத்து ஓடையில் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் அந்தப் பள்ளத்துக்குக் ‘கான்’ என்று பெயர். நீலகிரியில் பிக்கட்டிக்கு அருகே எங்கள் சரிவில் வந்து குடியேறிய வீரையாவுக்கு அதற்கு வேறு பெயர் தெரியாது. தெரிந்துகொள்ளவும் அவர் விரும்பவில்லை. அவர் பட்ட பாட்டில் பாதி இந்த விருப்பமின்மையால் வந்தது. மறுபாதியை அரசாங்கம் பார்த்துக்கொண்டது.

ஹட்டனுக்கு அப்பால் ஒரு தோட்டத்தில் இளமை முதல் கான் வெட்டியவர் அவர். கொழுந்து பறிக்க யாருக்கும் வரும், செடியைக் கவ்வாத்து வெட்டிக் குறைக்கப் பழகினால் வரும், கான் வெட்ட மட்டும் கண் வேண்டும் என்பது அவருடைய பெருமை. இரு நாடுகள் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி, எழுபத்தொன்றாம் ஆண்டு, மனைவி கருப்பம்மாவுடன் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கினார். மகள்கள் இருவரும் இலங்கைக் குடியுரிமை பெற்ற குடும்பங்களில் வாழ்க்கைப்பட்டிருந்ததால் அங்கேயே நின்றுவிட்டார்கள். கூட வந்தவர்கள் பித்தளைக் குடமும் தையல் இயந்திரமும் கொண்டுவந்தபோது, வீரையா ஒரு மம்பட்டித் தகட்டைத் துணிகளுக்கு நடுவே சுற்றிக் கொண்டுவந்தார்.

“இந்தியாவுல இரும்பு கிடைக்காதுன்னு இவருக்கு யாரோ சொல்லிப்புட்டாங்க” என்று கருப்பம்மா கேட்பவரிடமெல்லாம் சொல்வார். “எம் பொடவை பூரா துரு.”

மண்டபம் முகாமில் சில வாரங்கள் இருந்தபின், முன்னரே வந்துவிட்ட உறவினர் ஒருவரின் சொல்லைக் கேட்டு நீலகிரிக்கு வந்தார்கள். எங்கள் சரிவு முழுவதும் அப்போது நஞ்சப்பனுடையது. படகர் குடும்பம், நான்கு தலைமுறையாக அங்கே உழுது வருபவர்கள். அவருடைய உருளைக்கிழங்குத் தோட்டத்தில் இருவரும் கூலிக்குச் சேர்ந்தார்கள். பிறகு, மறுவாழ்வு உதவியாகக் கிடைத்ததைக் கொடுத்து, அதே சரிவின் நடுவே அரை ஏக்கர் துண்டு ஒன்றை நஞ்சப்பனிடமிருந்து வாங்கினார்கள். பட்டா வீரையாவின் பெயருக்கு வந்தது. தமக்கென்று ஒரு பிடி மண் அவர்களுடைய குலத்தில் அதற்குமுன் யாருக்கும் இருந்ததில்லை. பட்டா வந்த நாளில் அவர் அந்தத் துண்டின் நான்கு மூலையிலும் போய் நின்று பார்த்துவிட்டு வந்தார். “எண்ணிப் பாத்தீங்களா, நாலும் இருக்கா?” என்று கருப்பம்மா கேட்டார்.

அந்தத் துண்டில் முன்பு, விறகுக்கும் பட்டைக்கும் வளர்க்கும் சீகை மரங்கள் நின்றன. வீரையா வாங்குவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னரே அரசின் மண் காக்கும் திட்டம் எங்கள் சரிவுக்கு வந்துவிட்டது. கீழே குந்தா அணை இருக்கிறது. மேலே உழுகிற மண்ணெல்லாம் மழையில் கரைந்து அணையை நிரப்புகிறது. ஆகவே சரிவைப் படிக்கட்டுப்போல வெட்டி, ஒவ்வொரு படியின் விளிம்பிலும் வரப்புப் போட்டுக் கொடுத்தார்கள். நஞ்சப்பனின் நிலம் மேலேயும் கீழேயும் அழகான படிகளாயிற்று. நடுவே சீகைக் காடு நின்ற துண்டை விட்டுவிட்டார்கள். மரம் நிற்கும் இடத்தில் மண் போகாது என்று அவர்கள் கருதியது சரியே. மேற்படிகளில் சேரும் நீரையெல்லாம் ஓரிடத்துக்குக் கொண்டுவந்து அந்தக் காட்டின் உச்சியில் நடுவாகத் திறந்துவிட்டதும் அன்றைக்குச் சரியே. காடு அதைக் குடித்துக்கொண்டது. பிறகு நஞ்சப்பன் மரங்களை வெட்டி விற்றார். வெற்று நிலத்தை வீரையாவுக்கு விற்றார். நீர் திறக்கும் வாய் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

முதல் ஆனி மழையில் அது தெரிந்தது.

நட்ட கிழங்குச் செடிகள் பூப்பிடிக்கும் பருவம். காலையில் தொடங்கிய மழை நண்பகலில் வலுத்தது. மேலே அந்த வாயிலிருந்து செந்நிற நீர் ஒரு மாட்டின் பருமனுக்குத் திரண்டு இறங்கியது. பாத்திகள் ஒவ்வொன்றாகச் சரிந்தன. வீரையா மம்பட்டியுடன் அதற்கு எதிரே போய் நின்றார்.

“என்னாங்க, அங்கிட்டு நிக்காதீங்க! ஒங்களையும் சேத்துக் கொண்டுபோயிரும்!” கருப்பம்மா கூடையைத் தூக்கிக்கொண்டு கீழே ஓடினார். “கெழங்கு போகுது! கெழங்கு போகுது!”

கோலிக்குண்டு அளவுக்கே பருத்திருந்த கிழங்குகள் நஞ்சப்பனின் கீழ்ப்படியில் வந்து உருண்டு நின்றன. சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நஞ்சப்பன் அங்கே நின்றிருந்தார். நல்ல மனிதர்தாம், ஆனால் சிரிக்கக் கூடாத இடத்தில் சிரிப்பார்.

“ஏனுங்க வீரையா! நீங்க நட்டு வைங்க, நான் பொறுக்கறேன். நல்ல பங்காளிங்க நாம!”

கருப்பம்மா நிமிர்ந்தார். “கெழங்க நீங்களே தின்னுங்க மொதலாளி. கூடவே எங்க மண்ணும் வந்திருக்கு பாருங்க, அத மட்டும் திருப்பிக் குடுத்துருங்க.”

நஞ்சப்பனின் சிரிப்பு அதன்பின் சற்று அடங்கியது.

மழை விட்டதும் வீரையா தம் துண்டுக்குள்ளேயே கான்கள் வெட்டினார். மேலிருந்து வந்த நீரை அவை ஒரு மழைக்குக்கூடத் தாங்கவில்லை. தேவைப்பட்டது வேறு. துண்டின் மேல் எல்லைக்கு வெளியே, மேற்படியின் அடியை ஒட்டி, சரிவுக்குக் குறுக்கே நீளமாக ஒரு கான் போக வேண்டும். வரும் நீரையெல்லாம் அங்கேயே மறித்துக் கிழக்கு ஓடையில் கொண்டுபோய் விட வேண்டும். அவ்வளவுதான். ஆனால் அந்த இடம் நஞ்சப்பனின் நிலம். அதிலுள்ள கட்டுமானம் திட்டத்தினுடையது.

“எனக்கொண்ணும் இல்லீங்க” என்றார் நஞ்சப்பன். “மண்ணு என்னுது, வரப்பு அவங்களுது. நானா மம்பட்டி போட்டா மானியத்தத் திருப்பிக் கட்டுன்னு வந்து நிப்பாங்க. ஆபீசுல போயி அவங்களையே ஒரு வரப்பு போட்டுக் குடுக்கச் சொல்லுங்க.”

“வரப்பு எனக்கு எதுக்கு? நான் கேக்குறது கான்.”

“என்னமோ ஒண்ணு. வாங்கிட்டு வாங்க.”

வீட்டுக்கு வந்ததும் கருப்பம்மா மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். “இங்க அதுக்கு வரப்புன்னுதான் சொல்றாங்க போல. ஆபீசுல அப்படியே கேட்டா என்னாங்க?”

“வரப்புங்கிறது நெல்லு வெளையுற வயலுக்குப் போடுறது, புள்ள. அது மேடு, கான் பள்ளம். மலையில போயி வரப்பு கேட்டா சிரிப்பாங்க.”

சிரிப்புக்குத்தான் அவர் அஞ்சினார். அகதி என்றும் சிலோன்காரன் என்றும் கடைத்தெருவில் ஒலித்த சொற்கள் அவருக்குப் பழகியிருந்தன. ஆனால் தொழில் தெரியாதவன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது.

திட்டத்து அலுவலகம் நகரத்தில் இருந்தது. சலவைச் சட்டை அணிந்து, காலைப் பேருந்தில் போய், எழுத்தரின் மேசைமுன் நின்றார்.

“எங்க காணிக்கு ஒரு கான் வேணுங்க, தொரை.”

எழுத்தருக்கு இரண்டு சொற்களில் ஒன்று விளங்கியது. “காணியா? நிலம் குடுக்கறது இங்க இல்லீங்க. தாலுகா ஆபீசுக்குப் போங்க.”

தாலுகா அலுவலகத்திலும் அவர் அதையே சொன்னார். பேச்சைக் கேட்டதுமே அங்கிருந்தவர், “சிலோன்ல இருந்து வந்தவங்களா? ஒங்களுக்குக் காணி குடுக்குறதெல்லாம் மறுவாழ்வு ஆபீசு” என்று அனுப்பினார். மறுவாழ்வு அலுவலகத்தில் அவருடைய பட்டாவை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்கள்.

“ஒங்ககிட்டத்தான் பட்டாவே இருக்கே! இருக்குற காணிய வச்சுக்கிட்டு இன்னொண்ணும் கேட்டா நியாயமாங்க? எத்தனை பேரு ஒண்ணுமில்லாம நிக்கிறாங்க!”

பட்டாவையே பிடுங்கிக்கொள்வார்களோ என்னும் அச்சத்தில் வீரையா அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, விடைபெறாமல் பேருந்து நிலையத்துக்கு நடந்தார்.

காணி என்னும் சொல் நிலத்தைக் குறிப்பதுதான். நம் பக்கத்தில் அது பெரும்பாலும் ஓர் அளவாகச் சுருங்கிவிட்டது. கடலுக்கு அப்பால் நிலமாகவே நின்றது. ஆதலால் அவர் பேசியதில் பிழை ஒன்றும் இல்லை. பிழையில்லாமல் பேசியதால் பயனும் இல்லை.

அடுத்த முறை ‘காணி’யை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனார். “எங்க தோட்டத்துக்கு ஒரு கான்” என்றார்.

“கான்னா?” என்றார் எழுத்தர். “காடா? காடு எதுக்குங்க ஒங்களுக்கு?”

“இல்லீங்க தொரை. தண்ணி போறதுக்கு நீளமா வெட்டுவமே!”

“அட, கால்வாய்! அதைச் சொல்லுங்க முதல்ல.”

வீரையா அச்சொல்லை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். கானைக் காட்டிலும் அது பெரிய சொல்லாக இருந்தது. அலுவலகத்துக்குத் தகுந்ததாகவும் இருந்தது. “ஆமாங்க, அதுதான்” என்றார். எழுத்தர் எழுதிக்கொண்டார்.

அன்று மாலை அவர் திரும்பியபோது, கருப்பம்மா உலையில் அரிசியைப் போட்டுக்கொண்டே கேட்டார். “கால்வாயின்னா ஆத்துல இருந்து வயலுக்குத் தண்ணி கொண்டாறதில்ல?”

“அது கீழ்நாட்டுக் கால்வாய். எழுதிக்க அவுங்களுக்கு ஒரு பேரு வேணும்; எழுதிக்கிட்டாங்க. ஒனக்கு என்னா?”

“எனக்கு ஒண்ணுமில்ல. நீங்க கேட்டதும் அவுங்க எழுதுனதும் ஒண்ணுதானான்னு கேட்டீங்களா?”

“இருவது வருசம் வெட்டுனவனுக்கு அது தெரியாதா?”

“சரி. அப்ப கெழங்கு பொறுக்க இன்னொரு கூடை வாங்கிப் போடுங்க” என்று சொல்லிவிட்டுக் கருப்பம்மா தட்டத்தால் உலையை மூடினார்.

வரப்பும் படியும் அந்த அலுவலகம் தானே முடிவுசெய்து போடக் கூடியவை. கால்வாய் அப்படியன்று. அதற்கு மேலிடத்தின் இசைவு வேண்டும். மேலிடத்துக்கு அதன் மேலிடத்தின் இசைவு வேண்டும். வீரையா போய்க் கேட்கும்போதெல்லாம் “மேல போயிருக்கு” என்றார்கள்.

“தண்ணி மேல இருந்து கீழ வருது, காயிதம் கீழ இருந்து மேல போகுது” என்றார் அவர் ஒருநாள், யாரிடம் என்றில்லாமல். எழுத்தர் சிரித்துவிட்டார். மற்றபடி ஒன்றும் நடக்கவில்லை.

இரண்டாம் மழைக்காலம் வந்தது. இம்முறை நீர் தனக்கென்று ஒரு வழியையே அறுத்துக்கொண்டது. துண்டின் மேற்பாதியில் மண் போய்க் கல் தெரிந்தது. மழை ஓய்ந்த இடைவெளிகளில் இருவரும் நஞ்சப்பனின் கீழ்ப்படிக்கு இறங்கி, அங்கே படிந்திருந்த தங்கள் மண்ணைக் கூடையில் வாரி, முதுகில் சுமந்து மேலே கொண்டுவந்து கொட்டினார்கள். கொழுந்துக் கூடை சுமந்த பழக்கத்தில் கருப்பம்மா கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டார். கொழுந்துக்கு அந்தக் கனம் கிடையாது.

அடுத்த மழையில் அந்த மண் மறுபடியும் இறங்கியது.

“இந்த மண்ணுக்கும் எனக்கும் வழி நல்லாப் பழகிப்போச்சு” என்று கருப்பம்மா வெறுங்கூடையைக் கவிழ்த்து அதன்மேல் அமர்ந்துவிட்டார். “இனி அதுவே வரணும்னா வரட்டும். நான் கூப்புடப் போகமாட்டேன்.”

வீரையா மட்டும் அந்த ஆண்டு முழுதும் சுமந்தார்.  அலுவலகத்தின்மேல் இருந்த சினத்தை அலுவலகத்தில் காட்ட முடியாதவர், அதை நஞ்சப்பனின் நாயின்மீதும் சாப்பாட்டுத் தட்டின்மீதும் காட்டினார். “ஒரு கானு! ஒரே ஒரு கானு! நம்ம தோட்டத்துல, காலையில ஆளு கூடுற பெரட்டுல நின்னு சொன்னா மத்தியானத்துக்குள்ள வெட்டி முடிச்சிருப்போம்” என்று சுவரைப் பார்த்துச் சொல்வார்.

“நம்ம தோட்டம்னு இன்னும் அதையே சொல்லுங்க” என்பார் கருப்பம்மா. “அந்தத் தொரை ஒங்களுக்குப் பாதி எழுதிவச்சுட்டுப் போனாரு பாருங்க.”

மூன்றாம் ஆண்டு, சித்திரை மாதம், கல் ஏற்றிய லாரி ஒன்று எங்கள் சாலையில் வந்து நின்றது. அதிலிருந்து கழுத்துத்துணி சுற்றிய ஒருவர் இறங்கினார். திட்டத்தின் களப் பணியாளர்; அழகர்சாமி என்று பெயர். மதுரைப் பக்கத்துக்காரர். எங்கள் குளிர் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்பது முதல் தும்மலிலேயே தெரிந்தது.

“வீரையா யாருய்யா? ஒங்க வேலை ஓகே ஆயிருச்சு!”

அவ்வளவு மகிழ்ச்சியுடன் வீரையாவை நாங்கள் பார்த்ததே இல்லை. “வாங்க தொரை, வாங்க தொரை” என்று ஓடினார்.

“தொரைன்னு கூப்பிடாதீங்கய்யா. ஆபீசுல கேட்டா என் வேலை போயிரும்.”

“ஏய் புள்ள, ஐயாவுக்குத் தேத்தண்ணி ஊத்து!”

“தேத்தண்ணின்னா?” என்று ஐயத்துடன் கேட்ட அழகர்சாமி, கையில் தம்ளர் வந்ததும் தெளிந்தார். “டீயா! அதைச் சொல்லுங்க.”

தேநீரைக் குடித்துவிட்டு அவர் வேலையில் இறங்கினார். மேலே, நீர் திறக்கும் இடத்தில், ஒரு முளையை அடித்தார். உடன்வந்த கூலியாள் கயிற்றுடன் சரிவில் இறங்கி, கீழே, கிழக்கு ஓடை வளைந்து வரும் கரையில் மற்றொரு முளையை அடித்தான். கயிறு விறைத்தது. அது வீரையாவின் துண்டை உச்சியிலிருந்து அடிவரை, நட்டநடுவே, நேர்கோடாகப் பிளந்துகொண்டு கிடந்தது.

வீரையா கயிற்றருகே போனார். “ஐயா, கயிறு தப்பா விழுந்திருச்சு. குறுக்கால போகணும்.”

“கால்வாய் எப்படிய்யா குறுக்கால போகும்? தண்ணி இங்க இருக்கு, ஓடை அங்க இருக்கு. கல்லுப் பதிச்சு நேரா எறக்குறோம். இனி ஒரு சொட்டு ஒங்க மண்ணுல படாது.”

“நடுவுல போனா என் காணி என்னாகிறது? நான் கேட்டது கானுங்க!”

“கான்னா என்ன?”

வீரையா வேட்டியை மடித்துக் கட்டினார். மம்பட்டியை எடுத்தார். மேல் எல்லையில் குனிந்து, சரிவுக்குக் குறுக்கே, ஓர் ஆள் படுக்கும் நீளத்துக்குப் பள்ளம் எடுத்து, எடுத்த மண்ணைக் கீழ் உதட்டில் வரிசையாகப் போட்டுத் தட்டினார். பிறகு நிமிர்ந்து அதைச் சுட்டிக்காட்டினார்.

அழகர்சாமி அருகே வந்து பார்த்தார். பார்த்தவர், லாரியிலிருந்து இறக்கிய கல் ஒன்றின்மேல் அமர்ந்துவிட்டார்.

“யோவ், இது வரப்புய்யா.”

“வரப்பு மேடுங்க. இது பள்ளம்.”

“பள்ளத்துல எடுத்த மண்ணை எங்கய்யா போட்டீங்க? மேடாத்தானே போட்டீங்க? நீங்க பள்ளத்தப் பாத்துப் பேரு வச்சீங்க. நாங்க மேட்டப் பாத்துப் பேரு வச்சோம்.” அவர் குரல் உயர்ந்தது. “வரப்புன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? எங்க ஆபீசே வரப்புக்குத்தான்யா இருக்கு! அடுத்த மாசமே வந்து போட்டுட்டுப் போயிருப்பேன். இந்தக் கால்வாய்க்கு நான் எத்தனை எடத்துல போயி நின்னேன் தெரியுமா? மலையில கால்வாய் எதுக்குன்னு கேட்டவனுக்கெல்லாம் நான் பதில் சொல்லியிருக்கேன்!”

தம்ளரை எடுக்க வந்த கருப்பம்மா அங்கேயே நின்றார். வீரையா அவர் பக்கம் திரும்பவில்லை.

“சரிங்க ஐயா, வரப்பு. வரப்புன்னே வச்சுக்குங்க” என்றார், பல்லைக் கடித்துக்கொண்டு. “இப்ப அத வெட்டிக் குடுங்க.”

“இப்ப எப்படி முடியும்? ஒரு மனுவுக்கு ஒரு வேலை. கால்வாய் ஓகே ஆயிருச்சு, கல்லும் வந்திருச்சு. வேணாம்னா வேணாம்னு சொல்லிருங்க. கல்லை வேற ஊருக்கு அனுப்பிருவாங்க. வரப்புக்குத் திரும்ப முதல்லருந்து எழுதணும். இந்த மழைக்கு வராது. அடுத்த மழைக்கு வரும்னும் நான் சத்தியம் பண்ணமாட்டேன்.” அவர் தும்மிவிட்டுத் தணிந்த குரலில் சொன்னார். “லாரி சாயந்திரம் திரும்பும். யோசிச்சுச் சொல்லுங்க.”

கணவனும் மனைவியும் தங்கள் துண்டின் நடுவே, கயிற்றுக்கு இருபுறமும் நின்றார்கள்.

“நான் சொன்னேனேன்னு சொல்லப்போறியா?”

“இல்ல. சொல்றதுக்கு இன்னும் ரொம்ப வருசம் கெடக்கு.” கருப்பம்மா கீழே குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்தார், அதில் பாதி சரளைக்கல். “இன்னும் ரெண்டு மழை போனா என்னாங்க மிஞ்சும்?”

“பாறை.”

“இந்தக் கல்லுக் கால்வாய் வந்தா?”

“அது போற எடம் போயிரும். பொறவு ரெண்டு பக்கமும் மிஞ்சுறது நிக்கும். ஆனா காணி ரெண்டாப் போயிரும், புள்ள.”

“நம்ம புள்ளைங்க ஒரு நாட்டுல, நாம ஒரு நாட்டுல. குடும்பமே ரெண்டாப் போயித்தான நிக்குது. காணி ரெண்டானா என்னா? நிக்கிறது நிக்கட்டும்.”

வீரையா அழகர்சாமியிடம் போய், “போடுங்க” என்றார்.  வேலை நடந்த நாள்களில் வேலை செய்தவர்களுக்குத் தேநீர் கொடுத்தவர் கருப்பம்மாதான்.

கால்வாய் உறுதியாகவே அமைந்தது. அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனி மழையில் மேலிருந்து வந்த நீர் அதற்குள் இறங்கி, பேரிரைச்சலுடன் ஓடைக்குப் போயிற்று. துண்டில் ஒரு பாத்தியும் கரையவில்லை. ஆனால் துண்டு என்பது இப்போது இரண்டு ஒடுங்கிய பட்டைகள். இந்தப் பட்டையிலிருந்து அந்தப் பட்டைக்குப் போகச் சீகைப் பலகை ஒன்றைக் குறுக்கே போட்டிருந்தார்கள். எருக்கூடையுடன் கருப்பம்மா அதைக் கடக்கும்போதெல்லாம் வீரையா வேலையை நிறுத்திவிட்டு, அவர் மறுகரை சேரும்வரை பார்த்துக்கொண்டிருப்பார்.

சாலையோரத்தில் தகரப் பலகை ஒன்றும் நட்டார்கள். பயனாளி என்று அவர் பெயர் அதில் இருந்தது. ‘கால்வாய் பணி’ என்று எழுதி, இடையில் வர வேண்டிய ‘ப்’ என்னும் ஒற்றை விட்டிருந்தார்கள். வீரையா இழந்தது ஓர் ஒற்றன்று. அந்தப் பக்கம் போகும்போது அவர் சாலையின் மறுபுறமாக நடப்பார்.

மேல்நீர் நின்றதே தவிர, தம் பட்டைகளில் பெய்கிற மழை சரிவில்தானே ஓட வேண்டும்? அதற்காக வீரையா ஒவ்வொரு பட்டையிலும் சிறு கான்கள் வெட்டி, அவற்றின் வாயைக் கல் கால்வாயில் கொண்டுபோய்ச் சேர்த்தார். கால்வாய் ஓரத்தில் பள்ளம் எடுக்கக் கூடாது என்பது விதி. அழகர்சாமி ஒருமுறை வந்து அவற்றைப் பார்த்தார்; பார்க்காதவர்போலத் தும்மிக்கொண்டே போய்விட்டார். அடுத்த ஆண்டு அவருக்குக் கீழ்நாட்டுக்கு மாற்றல் வந்தது.

புதிதாக வந்த அதிகாரி இளைஞர். விதிகளைப் படித்துவிட்டு வந்தவர். கால்வாயை ஒட்டியே நடந்து வந்தவர், கானின் வாயைக் கண்டதும் நின்றுவிட்டார்.

“இங்க பள்ளம் எடுக்கக் கூடாதுன்னு ஒங்களுக்கு யாரும் சொல்லலையா? கால்வாயோட கரை சரிஞ்சா யாரு பொறுப்பு? எல்லாத்தையும் மூடிருங்க. அடுத்த வாரம் வந்து பாப்பேன்.”

வீரையா கானின் வாய்க்கு முன்னால் வந்து நின்றார். எதிர்ப்பட்டையில் களை எடுத்துக்கொண்டிருந்த கருப்பம்மா எழுந்து நின்றார். அந்தச் சில நொடிகள் எதுவும் நடந்திருக்கலாம். மம்பட்டி வீரையாவின் கையில்தான் இருந்தது. கானை மூடினால் மிஞ்சிய மண்ணும் போகும்.

அவர் மம்பட்டியைக் கீழே வைத்தார்.

“ஐயா, கொஞ்சம் இங்கிட்டு கீழ எறங்கி வந்து நின்னு பாருங்க.”

அதிகாரி கானைத் தாண்டிக் கீழ்ப்புறம் வந்து நின்றார். அங்கிருந்து பார்த்தால் பள்ளம் மறைந்துவிடும். கீழ் உதட்டில் தட்டிவைத்த மண்மேடு மட்டுமே தெரியும். அதன்மேல் புல்கூட முளைத்திருந்தது.

“இது…” வீரையா கையை நீட்டி மேட்டைக் காட்டினார். ஒருமுறை இருமினார். “இது வரப்புங்க.”

“வரப்பா?” அதிகாரியின் முகம் மாறியது. “ஆமா, சமமட்ட வரப்பு. புல்லு வேற வச்சிருக்கீங்க, நல்லது. இதை முதல்லயே சொல்றதுக்கு என்னங்க?”

அவர் போய்விட்டார். கருப்பம்மா முந்தானையை வாயில் வைத்து அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. “என்னாங்க, மலையில போயி வரப்பா? சிரிப்பாங்க!”

வீரையா சிரிக்கவில்லை. அன்று மதியம் சோறும் உண்ணவில்லை. மம்பட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கீழ் எல்லைக்குப் போய், களை இல்லாத இடத்தில் வெகுநேரம் களை வெட்டிக்கொண்டிருந்தார்.

அதன்பின் எங்கள் சரிவில் எல்லாருமே அவற்றை வீரையாவின் வரப்புகள் என்று சொல்லத் தொடங்கினார்கள். நஞ்சப்பன் அதை உரக்கவே சொன்னார். சில நாள் கழித்து மழை பிடித்தது. கருப்பம்மா மேற்குப் பட்டையில் நின்று பார்த்தார். சரிந்து வந்த நீர் கானில் இறங்கி, மண்ணைத் தேக்கிவிட்டுத் தெளிந்து, சாதுவாகப் போய்க்கொண்டிருந்தது. கிழக்குப் பட்டையில் நனைந்து நின்ற கணவரை நோக்கி அவர் கையை உயர்த்திக் கூவினார்.

“என்னாங்க! வரப்பு நல்லா நிக்குதுங்க!”

“அது கான்!” என்று வீரையா கத்தினார். “கான்!”

இடையே கால்வாய் இரைந்து ஓடிக்கொண்டிருந்தது. கருப்பம்மாவுக்கு அவர் சொன்னது கேட்கவில்லை.